புகையே இல்லையே என்று கேட்டார்கள்

சட்டசபைக்காரர்களுக்கு அவியல் என்றால் உயிர். அதனால் கணக்குக் குழு வருகிறது என்று திருவனந்தபுரத்திலிருந்து தகவல் வந்ததும், நல்ல சமையல்காரனைத் தேடித்தான் முதலில் ஆள் அனுப்பினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, பதற்றத்தில் நான் எதையும் செய்யவில்லை.

கீரிப்பாறைக்கு மேலே மலைத்தோட்ட வாரியத்தின் ரப்பர் தோட்டத்துக்கு நான் சூப்பிரண்டு. பெயர் தாணப்பன். காய்ச்சல் வார்டு கட்டச் சட்டசபை ஒதுக்கிய பணத்தில் விருந்தினர் பங்களா கட்டினேன். வாரியத்துப் பெரியவர்கள் வந்தால் தங்க இடம் வேண்டாமா? பங்களாவுக்கென்று கேட்டால் சபையில் சிரிப்பார்கள்; காய்ச்சல் என்றால் உடனே கையைத் தூக்குவார்கள். காய்ச்சல் கண்ட ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் பழைய ஓலை ஷெட்டிலேயே பாயில் கிடந்தார்கள், எலும்பும் தோலுமாக.

குழு வரும் நாளில் பங்களாவின் சோபாக்களை எடுத்துவிட்டுக் கட்டில்கள் போட்டேன். மழையால் பால்வெட்டு நின்றிருந்தது. திடமான ஆட்களாகப் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லிப் படுக்க வைத்தேன். நிஜமான நோயாளிகளைப் புகைப்புரைக்கு மாற்றினேன். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம் அது. ஜன்னல் கிடையாது. அடுப்பு வெளிப்புறம், புகை மட்டும் உள்ளே போகும். காய்ச்சல் வேகத்தில் யாராவது தவழ்ந்து வெளியே வந்துவிடக் கூடாதே என்று வெளியே தாழ் போட்டேன். உள்ளே ஒரு பானை தண்ணீரும் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குழு வந்தது. ஒருவர் காரிலிருந்து இறங்கும்போதே இளநீர் கேட்டார். குழுத் தலைவர், கட்டிலில் கிடந்த ஒருவனின் புஜத்தை அழுத்திப் பார்த்து, வாரியத்தின் மருந்து இவனை எப்படித் தேற்றியிருக்கிறது பாருங்கள் என்றார். தலையில் எண்ணெய் மினுங்கும் காய்ச்சல்காரனை நான் எங்கும் கண்டதில்லை. வரிசையாக அத்தனை பேரைக் கண்டும் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. ஜனங்களின் பணத்துக்கு இவர்கள்தான் காவல்.

சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்தில், கிருஷ்ணமணி என்ற உறுப்பினர் கீழே சரிவைப் பார்த்தார்.

“புகைப்புரைக்குப் பணம் தந்தோமே, சூப்பிரண்டு. புகையே இல்லையே. வேல நடக்கா, சும்மா கெடக்கா?”

அன்று கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. இனிமேல்தான் அடுப்பு மூட்டுவார்கள் என்றேன். அப்படியானால் பார்த்துவிட்டே போகிறோம் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் இறங்கிப் போனேன். அடுப்பு மூட்டும் ராஜபாய் விறகைத் தொடவில்லை. அவள் புருஷன் ஜெபதாஸ் உள்ளே கிடந்தான்.

“ஐயா, உள்ள ஆளுவ கெடக்காவ.”

“அவிய காரு ஏறுத வரைக்குந்தான். கொஞ்சம் புகை வந்தா போதும்.”

“எனக்க மாப்பிள உள்ள கெடக்காரு. நான் போடமாட்டேன்.”

தாழைத் திறக்க ஓடினாள். வாட்ச்மேனிடம் அவளைப் பிடிக்கச் சொன்னேன். கூலிக்காரி ஒருத்தி முரண்டு பிடித்தாள் என்பதற்காக வாரியத்தின் பெயர் சட்டசபையில் கெட வேண்டுமா? தீயை நானே மூட்டினேன். விறகு ஈரமாக இருந்தது. புகை நல்ல கறுப்பாக, மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்படி வந்தது.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். பலமாக இல்லை, அதற்குத் தெம்பு ஏது? மேலே யாருக்கும் கேட்டிருக்காது. நான் திரும்பி வந்தபோது தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கார்கள் வளைவில் மறையும் வரை கும்பிட்டபடி நின்றேன். பிறகு போய்த் தாழைத் திறந்தேன். ஒருவரும் எழுந்து வரவில்லை. ஜெபதாஸ் கதவை ஒட்டிக் கிடந்தான்.

மலையிலிருந்து நடந்தே வந்து ராஜபாய் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழுவின் அறிக்கை போன வாரம் வந்தது. எங்கள் வார்டைப் பாராட்டி, வரும் ஆண்டு ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தாழ் போட்டவன் நான். தீ மூட்டியவன் நான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே மூட்டினேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கையாடல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொதுப்பணத்தில் ஒரு சக்கரக் காசுகூட என் வீட்டுக்குள் வந்ததில்லை.