கெய்னரின் காலடி ஸ்பீக்கர்

பிளிமத்திலிருந்து கிரிம்ஸ்பிவரை, பழைய வேனில் ஒன்பது மணி நேரம். அப்படி நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தால் எப்பேர்ப்பட்ட சிநேகிதமும் கசந்துவிடும் என்பார்கள். எனக்குக் கசந்ததே இல்லை.

கிரிம்ஸ்பியில், மீனைப் புகையில் பதப்படுத்தும் கூடத்தின் மாடியில் எங்கள் இசைக் குழுவைத் தொடங்கினோம். கெய்னர் பாடினாள். பாரி டிரம்ஸ். நான் பேஸ் கிதார். கீழே புகைபோட்ட ஹாடக் மீனை நினைத்து 'ஹாடக் சண்டே' என்று பெயர் வைத்தோம். எங்கள் சட்டைகளில் எப்போதும் மீன் வாடை அடிக்கும். ஒலிக்கு ஆள் வைக்க வசதியில்லாததால் மேடை ஒலியையும் நானே பார்த்துக்கொண்டேன்.

பாடுகிறவள் தன் குரலைத் தானே கேட்க, காலடியில் ஒரு ஸ்பீக்கர் அவளைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கெய்னர் விரலை உயர்த்தினால் கூட்டுவேன். தாழ்த்தினால் குறைப்பேன். கச்சேரி முடிந்து காதில் ரீங்காரம் இருந்தால் நன்றாக வாசித்தோம் என்று அர்த்தம். எங்களைப் போன்ற எல்லாக் குழுக்களும் அப்படித்தான் நம்பின.

இரண்டாவது இசைத்தட்டை வானொலியில் போட்டார்கள். லண்டனில் ஒரு நிறுவனம் கெய்னரை மட்டும் கேட்டது. நெடுஞ்சாலை ஓரக் கடையில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

"இந்தக் கச்சேரிச் சுற்று முடிஞ்சதும் நான் போறேன்பா. கோவமா?"

"மகாராணி கிளம்புறாங்க, எல்லாரும் எந்திரிங்க," என்றான் பாரி. "வினிகரை மட்டும் வச்சிட்டுப் போம்மா."

நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை. அவள் குரல் எங்கள் மாடியில் உருவானது. அது தனியாகப் போனால் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று லீட்ஸ் கச்சேரியில், அவள் விரலை உயர்த்தாமலே திருகை ஒரு மயிரிழை நகர்த்தினேன். மறுநாள் இன்னொரு மயிரிழை. குறிப்பாகக் கூரிய ஓசைகளைக் கூட்டினேன். மந்தமாகும் காது இன்னும் வேண்டும் என்னும். ஒரு வாரத்தில் அவளே விரலை உயர்த்தத் தொடங்கினாள்.

அவள் அம்மா காதடைப்பான் வாங்கித் தந்திருந்தார்.

"என்ன இது, காதுல பஞ்சு? அதுக்குள்ள லண்டன்காரி ஆயிட்டியா?" என்றேன்.

முகம் சிவந்து, அதைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டாள்.

டிசம்பரில் அவள் சுருதி இறங்கியது.

"சரியாப் பாடினேனாடா, இயன்?"

"கொஞ்சம் இறங்குச்சு. பரவால்ல. என்னைப் பார்த்துப் பாடு."

செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை என் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து, அதன் அதிர்வைப் பிடித்துப் பாடினாள். கூட்டத்துக்கு அது பிடித்துப்போனது. லண்டன்காரர்கள் ஒருமுறை பாட வைத்துப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடவில்லை. அவள் எங்களோடு இருந்தாள். இன்னும் இரண்டு இசைத்தட்டுகள் செய்தோம். இருப்பதில் அவைதான் சிறந்தவை.

"மேடையில சத்தத்தை யாராச்சும் கூட்டினாங்களான்னு காது டாக்டர் கேக்குறார்டா," என்றாள் ஒருநாள்.

"இல்லையே. எப்பவும் அதே அளவுதான்."

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினாள். அதற்குள் அவளுக்கு அப்படித்தான் பேச்சு புரிந்தது.

குழு கலைந்தது. பாரி லாரி ஓட்டப் போய்விட்டான். நான் மட்டும் ஞாயிறு தவறாமல் புகைமீன் வாங்கிக்கொண்டு கெய்னர் வீட்டுக்குப் போகிறேன். "எல்லாரும் போயிட்டாங்க, இவன் ஒருத்தன்தான் என்னைக் கைவிடல," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் உரக்கச் சொல்வாள். உண்மைதான்.

நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, பாலில் மீனை வேகப் போட்டு, எங்கள் முதல் பாட்டை அரைச் சுருதி தாழ்வாக முணுமுணுப்பாள். அப்போது அவள் முதுகைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில் சொல்வேன்:

"கெய்னர், அந்தத் திருகைக் கூட்டினது நான்தான். நீ போயிடக் கூடாதுன்னு."