கூரை திறக்கும் வண்டி

வேலந்தாவளத்தில் கோவைப் பேருந்தில் ஏறிய தம்பதி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாகச் சொகுசு வண்டி எடுக்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஏனுங்க, கூரை தொறக்காத வண்டின்னா எனக்கு வேண்டாமுங்க.”

“அது ஒண்ணுக்காக டாப் மாடலா? அதுக்குக் கீழ இருக்கறதே நமக்குத் தாராளம். இந்த வெயில்ல கூரையத் தொறந்து என்ன பண்ணுவே?”

“எங்கக்கா வண்டியில தொறக்குதில்லீங்க?”

“அதுக்கு?”

“கோயிலுக்குப் போறப்ப எல்லாரையும் ஏத்திக்கிட்டா. எனக்கு மட்டும் எடமில்லைன்னுட்டா. நான் ஆட்டோவுல போனனுங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“சரி, டாப் மாடலே எடுத்துக்கலாம். மொதல்ல யார ஏத்தறே?”

“அக்காளத்தானுங்க,” என்றாள் அவள். “பின் சீட்டுல உக்காரட்டும்.”