ஒரு கோடு, நாலு கோடு

– கையை எடு அண்ணே. என் துப்பாக்கி நுனியில இருக்கற அந்தச் சோக்கை இன்னைக்குக் கழட்டித்தான் ஆகணும்.

– கழட்டினா விரலை உடைச்சிடுவேன் பாப்பா. போன வருஷம் உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அது. சோக் மட்டுமே செய்யற வெளிக் கம்பெனி. நீளத்தைப் பாரு, நீலக் கலரைப் பாரு. மாட்டறதுக்குச் சாவிகூட வேண்டாம், கையாலேயே திருகிடலாம். நான் துப்பாக்கியோட சும்மா வந்த கம்பெனிச் சோக்கை வச்சுக்கிட்டுத்தான் காலத்தை ஓட்டறேன்.

– அதான் எனக்கு உறுத்துது. அவ்வளவு நல்ல சரக்குன்னா நீ ஏன் மாட்டல?

– எனக்குத் தேவையில்ல. எனக்குக் கை இருக்கு.

– எனக்கு மட்டும் என்ன, அகப்பையா இருக்கு?

– நக்கல் வேண்டாம். டீம்ல ஒரே ஒரு இடம். நீயும் நானும் சமமா வந்து நிக்கிறோம், இன்னும் கொஞ்ச நேரத்துல ஷூட்-ஆஃப்ல மோதணும். பயந்துட்டே, அதான் சோக் மேல பழி போடறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

– ஆடத் தெரியாமத்தான் உனக்குச் சமமா வந்தேனா? போன ரெண்டு தடவையும் நீதான் டீம்ல போனே.

– போனேன். இந்தத் தடவையும் போவேன்.

– என் கம்பெனிச் சோக் எங்கே? ரெண்டு பேரும் ஒரே மாடல் ரெட்டைக் குழாய்த் துப்பாக்கிதானே வாங்கினோம். என்னோட வந்ததைத் துடைச்சுத் தர்றேன்னு எடுத்துட்டுப் போனியே, இன்னும் துடைச்சு முடியலையா?

– வீட்ல எங்கேயாவது கிடக்கும். அம்மா பழைய இரும்புன்னு தூக்கிப் போட்டிருக்கும்.

– அம்மா உன் கிழிஞ்ச பனியனையே தூக்கிப் போடாது. என் சோக்கைப் போட்டுடுச்சா?

– என்ன சத்தம் இங்கே? துப்பாக்கியை ரேக்ல வச்சுட்டுச் சண்டை போடுங்க. ஷூட்-ஆஃபுக்கு நான் இன்னும் கூப்பிடவே இல்ல.

– ஒண்ணுமில்ல மாஸ்டர். குடும்ப விஷயம்.

– ரேஞ்சுக்குள்ள நடந்தா ரேஞ்ச் மாஸ்டர் விஷயம் தம்பி. நீங்க சொல்லுங்கம்மா.

– சார், நீங்க போன மாசம்தான் இங்கே வந்தீங்க, உங்களுக்கு முன்கதை தெரியாது. இந்த வெளிச் சோக்கைப் போட்டதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. பட்டா, பறக்கற மண் தட்டு புகையாப் போகுது. மயிரிழை தவறினா ஒரு துண்டுகூட உதிர மாட்டேங்குது. இவருக்கு அரைகுறையாப் பட்டாலும் ஓரம் உடைஞ்சு விழுது.

– புகையாப் போறது நல்லதுதானே மாஸ்டர்? பாக்கறவங்க கைதட்டறாங்க.

– புகையானாலும் ஒரு பாயிண்ட், ஓரம் தெறிச்சாலும் ஒரு பாயிண்ட். கைதட்டலுக்குப் பாயிண்ட் கிடையாது. ரெண்டு சோக்கையும் காகிதத்துல சுட்டுப் பார்த்தீங்களா?

– எதுக்கு? எல்லாம் பெட்டி மேலயே போட்டிருக்கு.

– பெட்டி சுடாது தம்பி. கம்பெனியோ வெளியோ, எது எப்படி விரிக்குதுன்னு காகிதம்தான் சொல்லும். அதோ, காகிதம் ஒட்டற பலகை சும்மாத்தானே நிக்குது.

– நேரமில்ல மாஸ்டர்.

– நேரம் என் கையில இருக்கு.

– என்ன அண்ணே, வேர்க்குது?

– வெயில். சோக்னா என்னன்னே தெரியாம வந்தவ நீ. குழாய் நுனியில திருகற குட்டி உருளை, இறுக்கமா இருந்தா ஈயக் குண்டெல்லாம் நெருக்கமாப் போகும், அகலமா இருந்தா விரிஞ்சு போகும்னு அ, ஆ-விலிருந்து சொல்லிக் கொடுத்தேன். இப்போ வளர்த்த கடா மார்பில பாயுது.

– பாயல. காகிதத்தைத்தான் கேக்கறேன்.

– போதும். தம்பி, உங்க சோக்ல ஒரு வெடி. அம்மா, உங்களோடதுல ஒரு வெடி. வழக்கமா தட்டு உடையற தூரத்துல நின்னு, நடுப் புள்ளியைப் பார்த்துச் சுடுங்க. காதை மூடிக்கோங்க.

– சுட்டாச்சு சார். போய்ப் பாக்கலாமா?

– துப்பாக்கியைத் திறந்து வச்சுட்டு வாங்க. இது தம்பியோடது. விரிச்ச குடை அகலத்துக்குப் பரவியிருக்கு. இதுக்குள்ள தட்டு எந்த மூலையில வந்தாலும் தப்பாது.

– என்னோடது?

– கிட்ட வந்து பாருங்கம்மா.

– சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கு சார். நடுவுல காகிதமே இல்ல, பிஞ்சு போயிருக்கு.

– பாத்தீங்களா மாஸ்டர், வெளிச் சரக்கு. பளபளப்பைப் பாத்து நானும் ஏமாந்துட்டேன்.

– சரக்கு மேல தப்பில்ல. அருமையான சோக். தூரத்துல போற தட்டுக்குப் போட வேண்டிய இறுக்கச் சோக், அந்த வேலையைக் கச்சிதமாச் செய்யுது. நம்ம ரேஞ்ச்ல தட்டு கிட்டத்துல பறக்குது. இதுக்குப் போய் ஏம்மா அதைப் போட்டீங்க?

– நான் அகலமானதைத்தானே போட்டிருக்கேன்? இதோ, விளிம்புல ஒரு கோடு. ஒரு கோடுன்னா அகலம், நாலு கோடுன்னா இறுக்கம்.

– தலைகீழாச் சொல்றீங்க. ஒரு கோடுதான் ரொம்ப இறுக்கம். கோடு கூடக் கூட அகலம். கம்பெனிச் சோக்லயும் அப்படித்தான், இதுலயும் அப்படித்தான். யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?

– இதோ நிக்கிறாரே, இவர்தான். பெட்டியைப் பிரிச்சு, ரெண்டு குழாய்லயும் தன் கையாலேயே மாட்டி விட்டாரு. பெட்டியில இருக்கற மத்த சோக்கைத் தொடாதே, உனக்கு ஒத்து வராதுன்னாரு.

– மறந்து மாத்திச் சொல்லியிருப்பேன். மனுஷன்தானே. எனக்கே இந்தக் கோட்டுக் கணக்கெல்லாம் குழப்பம்தான் மாஸ்டர்.

– அப்படியா சங்கதி அண்ணே. உன் துப்பாக்கியைக் காட்டு, நீ எப்படிக் குழம்பியிருக்கேன்னு பாக்கலாம்.

– தொடாதே.

– நான் தொடறேன் தம்பி. நகருங்க.

– எத்தனை கோடு சார்?

– நாலு. மேல் குழாய்லயும் நாலு, கீழ்க் குழாய்லயும் நாலு.

– பாப்பா, நான் சொல்றதைக் கேளு. உனக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. எனக்குக் கண்ணு மங்குது. இதை விட்டா எனக்குன்னு ஒண்ணுமே இல்ல. நீ வந்த முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

– என்ன தெரிஞ்சுது?

– ஒண்ணுமில்ல, விடு.

– இவ்வளவு தூரம் வந்தாச்சு. சொல்லு.

– உனக்கு அகலச் சோக் கிடைச்சா, நான் துப்பாக்கியைப் பெட்டியில வச்சுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்னு.

– அம்மா, இப்போ போனா டீம் எடுக்கற கமிட்டி ஆளுங்க எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க. ஷூட்-ஆஃப் இல்லாமலே இடத்தை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி நான் பேசறேன்.

– வேண்டாம் சார், சுட்டே வாங்கிக்கறேன். அண்ணே, உன் பரிசைப் பத்தி நீ சொன்னதுல ஒண்ணு மட்டும் நிஜம், சாவியே வேண்டாம். நீ தொடாதேன்ன அதே பெட்டியில நாலு கோடுச் சோக்கும் சோடியா இருக்கு, இதோ கையாலேயே திருகியாச்சு. ஒரு வருஷமா சாப்பாட்டுத் தட்டை வச்சுக்கிட்டு உன் குடைக்குச் சமமா சுட்டிருக்கேன். கூப்பிடுங்க சார், போலாம்.