மாவு பொங்கும்வரை வெளியே போகாதே

"ஷெல் வருது! படுங்கோ!"

அப்பாவின் குரல். பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், குப்புற விழுகிறோம். அம்மா மட்டும் விழவில்லை. மடியில் மாவுச் சட்டி. தூரத்தில் "டுப்". பிறகு கூவல். பிறகு நிலம் குலுங்குகிறது. தலையில் மண் கொட்டுகிறது. அம்மா சேலையால் சட்டியை மூடுகிறாள்.

போர் நடந்த வன்னியில் அப்போது ஈஸ்ட் கிடைக்காது. சாமான்கள் வர அரசாங்கத் தடை. பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, கள்ளு விட்டுத்தான் மாவு குழைப்போம். பங்கரின் வெக்கையில் அது மளமளவென்று பொங்கியது. அம்மா குத்தி அமுக்கினாள். மறுபடி பொங்கியது. ஷெல் நிற்கவில்லை. புளித்த வாசம் வந்தது. வீட்டில் வேறு மாவு இல்லை. நான் சின்னப் பிள்ளை. பசியில் அழுதேன். சத்தம் சற்று ஓய்ந்தது.

"இப்ப சுடாட்டி புளிச்சுப் போயிடும்," என்றார் அப்பா. அடுப்பு மூட்ட வெளியே போனார். "டுப்."

"அப்பா, ஓடி வாங்கோ!"

கூவல் வந்தது. அவர் வரவில்லை.

இப்போது தூத்துக்குடி. அகதி முகாம் வீடு. கள்ளுக்குப் பதில் பாக்கெட் ஈஸ்ட். இன்னும் கையால்தான் பிசைகிறேன். மாவு பொங்கும் நேரம் வீட்டில் யாரையும் வெளியே விடமாட்டேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரியும். மனசு கேட்கிறதில்லை.

இன்று மகளுக்கு வேலையில் முதல் நாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி. பாண் சுட்டுக் கட்டிக்கொடுக்க ஆசை. விடியும்போதே பிசைந்து மூடினேன். மழைக் குளிர். மாவு எழும்பவில்லை. கதவு பூட்டியே கிடந்தது. அவள் இங்கேயே பிறந்தவள். பேச்சும் இந்த ஊர்தான்.

"எம்மா, கதவத் திற. பஸ்ஸு வந்துட்டு."

"மாவு பொங்கட்டும், பிள்ளை."

"மாவு கெடந்துட்டுப் போவுது. மொத நாளே லேட்டாப் போனா வேலைக்கு வராதன்னு சொல்லிருவாங்கம்மா. நான் எங்கன போறேன்? ஆபீஸுக்குத்தான போறேன்?"

தெருமுனையில் ஹாரன். என் காதில் "டுப்". இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடிக்கிறேன். அவள் சாவியைப் பிடுங்கவில்லை. கண்கலங்க நின்றாள். பயந்து பயந்து திறந்துவிட்டேன். ஓடினாள். பஸ் சத்தம் தேயும்வரை கதவைப் பிடித்தபடி நின்றேன். பகல் முழுக்க மாவை எட்டிப் பார்க்கவில்லை.

அன்று இழந்தது அப்பா. அடுப்பு. வீடு. பிறகு ஊர்.

இன்று இழந்தது ஒரு சட்டி மாவு. புளித்துப் போனது. மகள் சாயங்காலம் வந்துவிட்டாள்.