லூர்துத் தண்ணீரும் கரவான் குழாயும்

“லூர்து மாதாவின்ர தண்ணியாலதான் என்ர கரவான் குழாய் வெடிச்சது, அண்ணை.”

இக்காஸ்ட் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளையவர் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்த மூத்தவர் கைபேசியை மடியில் வைத்தார்.

“விளங்கேல்லை.”

“காரில கொழுவிப் போற, படுத்துச் சமைக்கிற பழைய வண்டி வீடு, கரவான். வாங்கின கையோட, லூர்தில இருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலை அதின்ர தண்ணி டாங்கிக்குள்ள ஊத்தினன். குளிருக்கு முதல் டாங்கித் தண்ணி எல்லாத்தையும் வெளியில திறந்து விடவேணும். மாதாவின்ர தண்ணியைச் சாக்கடைக் கானுக்குள்ள விட மனம் வரேல்லை. தண்ணி உறைஞ்சு குழாய் நாலு இடத்தில வெடிச்சுப்போச்சு.”

“இப்ப?”

“குழாய் எல்லாம் நானே மாத்திட்டன். ஒரு சொட்டு ஒழுகாது. சனிக்கிழமை ஜேர்மனி மாதா கோயிலுக்கு அதிலதான் போறம்.”

“திரும்பவும் ஊத்துவியோ?”

“ஓம். ஆனா குளிருக்கு முதல் திறந்து விட்டிடுவன்.”

“மாதா கோவிக்க மாட்டாவோ?”

“அவவே குளிர் தாங்கேலாமல்தானே குழாயை உடைச்சுக்கொண்டு வெளியில வந்தவ!”