மூணாவது கொழந்த

ரெபேக்கா: மீன அப்புறம் கழுவிக்கலாம்மா. கொஞ்சம் இங்க வந்து ஒக்காரு.

சவரிமேரி: நான் ஒக்காந்தா கொழம்பு கொதிச்சிடுமா? சொல்லு, காது இங்கதான் இருக்குது.

ரெபேக்கா: சும்மா சொல்ற விசயமில்ல. கையக் கழுவிட்டு வா.

மங்கலம்: என்ன பாப்பா, செதம்பரத்துலேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்க... மாப்ள கீப்ள பாத்துட்டியா?

ரெபேக்கா: அய்யோ மங்கலம் அத்த! ஹவுஸ் சர்ஜனுக்குத் தூங்கவே நேரமில்ல, இதுல மாப்ளையாம். இது ஹாலினா அம்மா விசயம்.

மங்கலம்: யாரு... அந்த உக்ரைன் வீட்டுக்காரம்மாவா?

ரெபேக்கா: அவுங்கதான். கார்கிவ்ல டாக்டருக்குப் படிக்கறப்ப அவுங்க வீட்டு மாடியிலதான இருந்தேன்.

மங்கலம்: எதுத்த வீடுன்னுதான் பேரு, எனக்கு யாரு முழுசா சொல்றா? ஒங்கம்மா வாயத் தொறக்கவே மாட்டா.

சவரிமேரி: நான் என்னத்தக் கண்டேன்? அவுங்க பாஷ எனக்குத் தெரியுமா?

மங்கலம்: அதான... பாவம், ஒனக்கு எப்படித் தெரியும்!

ரெபேக்கா: அத்த, சண்ட ஆரம்பிச்சப்ப எங்கள ரயிலடியில கொண்டுபோய் விட்டதே அவுங்க மவன் ஆண்ட்ரிதான். பேக்கரியில ரொட்டி வேன் ஓட்டிக்கிட்டிருந்தான். ரொட்டித் தட்டயெல்லாம் எறக்கிப் போட்டுட்டு கூடப் படிச்ச பொண்ணுங்களோட எங்க ஏழு பேர ஏத்திக்கிட்டான்.

மங்கலம்: ஏழு பேரா! உள்ள எப்படி ஒக்காந்தீங்க?

ரெபேக்கா: எங்க ஒக்கார்றது? ஒருத்தி மடியில ஒருத்தி. எறங்கறப்ப தலையெல்லாம் மாவு. அடுத்த மாசமே அவனப் பட்டாளத்துல சேத்துட்டாங்க.

மங்கலம்: அது ஆச்சே நாலு வருசம்! இன்னமுமா விடல?

ரெபேக்கா: எங்க விடறது? அங்க ஆளு பத்தல. உள்ள போனா திரும்பற தேதியே கெடையாது. எப்பவாச்சும் பதினஞ்சு நாள் லீவு, அதுவும் குடுத்தாத்தான்.

மங்கலம்: அப்ப ரொட்டி வேன யாரு ஓட்றா?

ரெபேக்கா: ஹாலினா அம்மாதான்!

மங்கலம்: அந்தம்மாவுக்கு அறுபது இருக்காது?

ரெபேக்கா: அறுபத்தி மூணு. பேக்கரியில ஆம்பளன்னு பாத்தா ஒரே ஒரு கெழவருதான் மிச்சம். கரண்டு எப்ப வருதோ அப்பதான் அடுப்பு... போயிட்டா பெசஞ்ச மாவு அப்படியே கெடக்கும். ரொட்டி வெல ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, சம்பளம் மட்டும் அதே எடத்துல நிக்குது.

மங்கலம்: இங்க மட்டும் என்னவாம்? அவனுங்க அங்க அடிச்சிக்கிட்டா, என் பஜ்ஜிக் கடையில சன்பிளவர் ஆயில் வெல ஏறுது. பெண்ணாடத்துல எங்கண்ணன் கோவிந்தசாமி கரும்புக்கு உரம் கெடைக்காம அலையறாரு. கேட்டா, ‘சண்ட நடக்குதுல்ல, சரக்கு வரல’ங்கறானாம் கடக்காரன்.

சவரிமேரி: ஒன் பஜ்ஜியில எண்ண என்னிக்குக் கொறஞ்சுது மங்கலம்? புழிஞ்சா ஒரு வெளக்கே ஏத்தலாம்.

மங்கலம்: தின்னுட்டுப் பேசற வாயப் பாரு!

ரெபேக்கா: ரெண்டு பேரும் நிறுத்துங்க, நான் விசயத்துக்கு வரேன். அம்மா, போன வருசம் ஆண்ட்ரி லீவுல வந்தான்ல...

சவரிமேரி: வந்தானா?

ரெபேக்கா: சொன்னேனேம்மா! அவன் பொண்டாட்டி இரினாவுக்கு இந்த மாசம் மூணாவது கொழந்த பொறந்திருக்குது.

மங்கலம்: ஆத்தாடி! பதினஞ்சு நாள் லீவ வீணாக்காம போயிருக்கான் புள்ள!

சவரிமேரி: மங்கலம்! வயசுப் பொண்ணு எதுத்தாப்புல...

ரெபேக்கா: நான் டாக்டரும்மா.

மங்கலம்: ஆணா, பொண்ணா?

ரெபேக்கா: பொண்ணு. மூணு கிலோ முன்னூறு.

மங்கலம்: சரி... சண்ட நடக்கற ஊர்ல, மூணாவது... கஷ்டமில்லையா பாப்பா?

ரெபேக்கா: அங்கதான் இருக்குது விசயமே. அந்த ஊர் சட்டப்படி, பதினெட்டு வயசுக்குக் கீழ மூணு புள்ள இருந்தா அப்பன் பட்டாளத்த விட்டு வந்துடலாம்.

மங்கலம்: அப்படியா!

சவரிமேரி: அப்படியா!

ரெபேக்கா: ஏன் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க?

சவரிமேரி: ஆச்சரியம்தான்டி... அப்புறம்?

ரெபேக்கா: பேப்பர் எழுதிக் குடுத்திருக்கான். மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாராம். ‘நீ போயிட்டா ஒன் எடத்துல யார நிறுத்தறது’ன்னு. ஹாலினா அம்மா தெனமும் வேன பட்டாள ஆபீஸ் வாசல்ல நிறுத்திட்டு நின்னிருக்காங்க. எனக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல. ஒனக்கு பிரசர் ஏறிடும்னுதான் சொல்லல.

சவரிமேரி: ம்...

ரெபேக்கா: இன்னிக்குக் காலையிலதான் மெசேஜ் பாத்தேன். அம்மா... விட்டுட்டாங்கம்மா! ஆண்ட்ரி வீட்டுக்கு வந்துட்டான்! கை காலெல்லாம் முழுசா, நல்லபடியா வந்துட்டான்!

சவரிமேரி: அட. ரொம்ப சந்தோசம்.

ரெபேக்கா: என்னம்மா இது? தண்ணி லாரி வந்துட்டுதுன்னு சொன்னாப்புல கேட்டுக்கற!

மங்கலம்: என்னால முடியல சவரி... சிரிப்ப அடக்கி அடக்கி வயிறு வலிக்குது.

ரெபேக்கா: எதுக்குச் சிரிக்கறீங்க?

மங்கலம்: அந்தக் குண்டான் மூடியத் தொறந்து பாரு பாப்பா. நேத்து சாயங்காலமே பாயாசம் வச்சு தெரு முழுக்கக் குடுத்துட்டா ஒங்கம்மா. ஒனக்குன்னு ஒரு கிண்ணம்தான் மிச்சம்.

ரெபேக்கா: நேத்தா? எனக்கே இன்னிக்குத்தான்... யாரு சொன்னா?

மங்கலம்: ஹாலினாவேதான்! ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்தா ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் போனு. இவ தமிழ்ல பேச, அந்தம்மா அவுங்க பாஷையில பேச, போனே மாத்தி மாத்திச் சொல்லுது. நேத்து அதுவும் தெணறிப் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல அழுதா அது எதத்தான் மாத்தும்?

ரெபேக்கா: அம்மா! எத்தன நாளா நடக்குது இது?

சவரிமேரி: நீ ஊருக்கு வர்றதுக்குப் போலந்து பார்டர்ல நின்னியே... அந்த வாரத்துலேர்ந்து. ஒன் தம்பி லியோதான் நம்பரத் தேடிக் குடுத்தான்.

ரெபேக்கா: நாலு வருசமா! எங்கிட்ட ஏம்மா சொல்லல?

சவரிமேரி: எப்படிடி சொல்லுவேன்? அப்பல்லாம் நீ போன் பண்ணி, ‘பெரிய ஓட்டல்ல தங்க வச்சிருக்காங்கம்மா, சுடுதண்ணி வருது, டிவி பாத்துக்கிட்டிருக்கேன்’னு சொல்லுவ. குண்டுக்குப் பயந்து நீ அவ வீட்டு நெலவறையில, உருளக்கெழங்கு மூட்ட மேல ஒம்போது நாள் படுத்துக் கெடந்தன்னு ஹாலினா மொத நாளே சொல்லிட்டா. அம்மாவ நம்ப வச்சிட்டோம்னு நீ நிம்மதியா இருந்த... அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. நாலு வருசம் நல்லாத்தான் நடிச்சேன். இன்னிக்குத்தான்டி நடிக்க வரல.