அமைதி நிலவிய வருஷம்

கிட்ட வாங்க. கவிநிலா, அந்த டார்ச்ச அணைச்சிடு... பேய் ராத்திரியிலதான் வரும்னு எவன் சொன்னான்? இது நடந்தது உச்சி வெயில்ல.

தொண்ணூத்தி நாலு. அக்னி நட்சத்திரம். அடி அண்ணாமலைக்கிட்ட கிரிவலப் பாதை. பௌர்ணமின்னா கால் வைக்க எடம் இருக்காது. அன்னைக்கு ஈ காக்கா இல்ல. தார் உருகி செருப்புல ஒட்டுது... அந்த ரோட்டுல ஒத்தையா நடந்து போறாங்க ரேணுகாம்பாள். நம்ம வளவனோட அத்தை. இதோ உக்காந்திருக்கான், வேணும்னா கேட்டுக்குங்க.

அத்தைக்கு அப்ப கல்யாணம் ஆகல. டங்கன்னு ஒரு பெரியவருக்கு டைப் அடிச்சுக் குடுத்துட்டிருந்தாங்க. ஸ்காட்லாந்துக்காரரு. அங்க பாதிரியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆசிரமத்தப் பாக்க வந்து, இங்கயே ஒரு வீடு புடிச்சி, அவரோட பேராயத்தோட சரித்திரத்த எழுதிட்டிருந்தாரு. பேராயம்னா ஒரு பிஷப்புக்குக் கீழ இருக்கிற மொத்த சர்ச்சுங்க. எண்ணூறு வருஷத்துக் கதை. ராஜா நெலம் குடுத்தது, பெரிய சர்ச் தீயில போனது, ஜனங்க பிஷப்புங்கள தொரத்துனது... அவரு சொல்லச் சொல்ல அத்தை அடிப்பாங்க.

அன்னைக்குக் காலையில, டீ குடிச்சிக்கிட்டே சாதாரணமா சொல்றாரு. ஒரு விதவையாம். சர்ச் நெலத்துல குடிசை. காலி பண்ண மாட்டேன்னு நின்னாளாம். அப்ப இருந்த பிஷப்பு அவள சூனியக்காரின்னு சொல்லி, கம்பத்துல கட்டி எரிச்சிட்டானாம்.

"அத எழுத வேணாம்மா. 'அந்த வருஷம் பேராயத்தில் அமைதி நிலவியது'ன்னு போடு."

"அவ பேரு என்னங்க சார்?"

"தெரியும். ஆனா தேவையில்ல."

அத்தைக்கு சுர்ருன்னு ஏறுச்சு. ஒரு பொம்பளைய உசுரோட எரிப்பானுங்களாம். அதுக்குப் பேரு அமைதியாம்! ஆனாலும்... வேலையாச்சே. பல்லக் கடிச்சிக்கிட்டு அடிச்சாங்க. வீட்ல வெச்சு பிழை திருத்தலாம்னு தாளுங்கள பையில போட்டுக்கிட்டுக் கெளம்புனாங்க.

அந்த ரோட்டுலதான்... வாசனை வந்துச்சு. தலைமுடி கருகுற வாசனை.

அப்புறம் சத்தம். பின்னால. காஞ்ச முள்ளு எரியுமே... பட்... பட பட... நின்னா நிக்குது. நடந்தா வருது.

திரும்புனாங்க.

கொளுத்துற வெயில்ல, கால் வரைக்கும் தடிச்ச கம்பளி கவுனு. அதோட ஓரம் பொகையுது. தலையில முடியே இல்ல. கழுத்துல கயிறு அறுத்த தடம். அவ அழல... கெஞ்சல. அந்தக் கண்ணுல இருந்தது கோவம். வெறும் கோவம். வாயத் தொறந்தா. சத்தம் வரல. சாம்பல் கொட்டுச்சு. அத்தையோட பையக் காட்டி விரல நீட்டுனா.

நம்மளா இருந்தா ஓடியிருப்போம். ஆனா அந்தக் கண்ணப் பாத்ததும் அத்தைக்கு காலையில முழுங்குன கோவம் மேல வந்துடுச்சு. விறுவிறுன்னு அந்த வீட்டுக்கே திரும்பி நடந்தாங்க. பின்னாலயே... பட்... பட பட...

டங்கன் சாப்பிட்டுட்டு சாய்ஞ்சிருந்தாரு. அத்தை அந்தத் தாள எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா கிழிச்சாங்க.

"எரிச்சதும் நீங்க, மறைக்கிறதும் நீங்களா? பேரச் சொல்லுங்க!"

"உனக்குப் பைத்தியமா? வெளிய போ!"

"நான் தனியா வரல, சார்."

கருகுற வாசனை அவரு மூக்குல ஏறுச்சு... அத்தையோட தோளுக்குப் பின்னால பாத்தாரு. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துடுச்சு. தொண்டையிலருந்து ஒரே ஒரு வார்த்தை.

"எல்ஸ்பெத்..."

அத்தை மெஷின் முன்னால உக்காந்தாங்க. 'எல்ஸ்பெத் என்ற பெண்ணை எங்கள் பிஷப் எரித்தார்'னு இங்கிலீஷ்ல டங்கு டங்குன்னு அடிச்சாங்க. பேரப் போட்டாச்சு, இனி அவ போயிடுவான்னு நெனச்சாங்க.

வாசனை போகல.

மறுநாள் டங்கன் ஊரக் காலி பண்ணாரு. மீதித் தாளுங்களக் குடுக்க அத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்க. மெட்ராஸ் பஸ். படியில தொங்குற அளவுக்குக் கூட்டம். அவரு ஜன்னலோரம் ஒடுங்கிக் கெடக்காரு... பக்கத்து சீட்டு காலி. கைக்கொழந்தையோட ஒரு பொம்பள அதுல உக்காரப் போயி, "அய்யோ, கொதிக்குதே!"ன்னு துள்ளி எழுந்துட்டா.

டங்கன் அத்தையப் பாத்தாரு. எறங்குங்கன்னு அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. இன்னைக்குக் கேட்டாலும், "எதுக்குச் சொல்லணும்?"னுதான் கேப்பாங்க.

பஸ் நகந்துச்சு. அவரோட ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சு... ஜன்னல் ஷட்டர மட்டும் உள்ளருந்து யாரோ மெதுவா எறக்குனாங்க.